அலைக்கற்றைப் பகிர்வும் ஒரு கலைச்சொல்லும்

2019 அக்டோபர் இறுதியில் மலேசியாவில் அனலாக் தொலைக்காட்சி முற்றிலும் நின்றது. கோலா பிலாத் தோட்டங்களிலும் பழைய பெட்டிகளுக்கு இலக்கவியல் மாற்றுப்பெட்டி வேண்டியதாயிற்று. அதன் ஒளிபரப்பு பல்லூர்திப் பண்பேற்றத்தால் வருகிறது. செய்தியை ஒரே ஊர்தி அலையில் விரைந்து ஏற்றாமல், ஆயிரக்கணக்கான குறுகிய ஊர்தி அலைகளுக்குப் பங்கிட்டு மெல்ல அனுப்புவது அது. குன்றில் பட்டுத் தாமதித்து வரும் எதிரலையால் எளிதில் சிதையாது.

இம்முறை பகிர்வுக்கும் உதவும். உரிமையாளர் பயன்படுத்தும் பகுதியில் நம் ஊர்தி அலைகளை அணைத்து, எஞ்சிய பகுதியில் அனுப்பலாம். எனினும் அண்டை ஊர்தி அலைகளின் ஆற்றல் அப்பகுதிக்குள் சற்றே கசியும். அதை வடிகட்டிகளால் அடக்கவேண்டும். சூழலுணர்ந்து ஒதுங்கும் இத்தகு கருவியை 1999இல் மிட்டோலாவும் மகுவாயரும் ‘காக்னிட்டிவ் ரேடியோ’ என்றனர். தொலைக்காட்சி அலைவரிசைகளின் வெற்றிடங்களில் ஊர்ப்புறத்துக்கு இணையம் தருவதற்கான ஐ.இ.இ.இ. 802.22 தரம் 2011இல் வெளிவந்தது.

இக்கருவியை ‘அறிதிறன் வானொலி’ எனப் பெயர்த்தால், நம் மாணவர் மின்னல் பண்பலையையே நினைப்பர். இணையம் எங்கிருந்து வந்ததென மயங்குவர். ‘சூழலுணர் அலைக்கருவி’ என்பது அதன் பணியைச் சொல்கிறது. ஆசிரியப் பெருமக்களே, ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்குமுன் பொருளின் செயலை மாணவர்க்கு விளக்குங்கள். பொருத்தமான சொல்லை அவர்களே முன்மொழியக்கூடும்.