நடக்கத் தொடங்கும் முன்பே

இன்று பட்டம் பெறும் நீங்கள் செவிலியராகவும் பேறுகாலத் தாதியராகவும் பதிவு பெறப் போகிறீர்கள். அந்த இரண்டாவது தகுதியை முன்னிட்டு உங்கள்முன் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கிறேன். பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டைச் சோதிக்கும் பொறுப்பு, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பது உட்பட, பயிற்சி பெற்ற தாதியரிடம் வர வேண்டும். அதற்கு ஏற்ற நாள், ஊரெல்லாம் அறிந்த 45 நாள் ஊசி போடும் நாள்.

தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தி இருந்தால்தான் அந்தக் குழி ஆழமாக வளரும். சில குழந்தைகளுக்குக் குழி ஆழமில்லாமலும், தலை தளர்ந்தும், சில வேளை முழுக்க விலகியும் இருக்கும். முழுதாக விலகுவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு என்பது பொதுவான கணக்கு. தமிழ்நாட்டில் 2023-இல் ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறந்தன. ஆயிரத்துக்கு ஒன்று என்றே வைத்தாலும் 900 குழந்தைகள். இந்தக் குறையால் கைக்குழந்தைக்கு வலி இருக்காது. பால் குடிக்கும், எடை கூடும். நடக்கத் தொடங்கி ஒரு பக்கம் சாயும்போதுதான் வீட்டார் கவனிப்பார்கள். முதல் வாரங்களிலேயே தெரிந்தால், செக் நாட்டு மருத்துவர் பாவ்லிக் வடிவமைத்த வார்ப்பட்டையைச் சில வாரங்களோ சில மாதங்களோ மாட்டினாலே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். நடக்கும் வயதில் தெரிந்தால் மயக்க மருந்து, அறுவை சிகிச்சை, இடுப்பைச் சுற்றி மாவுக்கட்டு என்று நீளும். அதையும் தவறவிட்டால் இளவயதிலேயே மூட்டு தேய்ந்துபோகலாம். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு சுமப்பவரும், உடன்குடியில் பனையேறுபவரும், வள்ளத்தில் நின்று வலை இழுப்பவரும், சங்கு குளிப்பவரும் இடுப்பையும் காலையும் நம்பித்தான் பிழைக்கிறார்கள். இந்தக் கரையில் ஒரு மூட்டு கெட்டால் ஒரு குடும்பத்தின் வருமானமே போய்விடும்.

இத்தாலியின் ஓர்டோலானி 1937-இலும் இங்கிலாந்தின் பார்லோ 1962-இலும் விவரித்த கைச்சோதனைகளை நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஓர்டோலானி சோதனையில், குழந்தையின் முழங்காலை மடக்கித் தொடையை மெல்ல விரிக்கும்போது, விலகிய தலை குழிக்குள் திரும்பும் சிறு அசைவை விரல் உணர வேண்டும். ஆனால் ஆழமில்லாமல், அதே சமயம் அசையாமலும் இருக்கும் மூட்டு கைக்குத் தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் தசை இறுகிவிட்டால், விலகிய மூட்டும் இந்தச் சோதனைக்கு அகப்படாமல் போகலாம். 1980-இல் ஆஸ்திரியாவின் கிராஃப் கொண்டுவந்த ஸ்கேன் முறை அந்தக் குறையைத் தீர்த்தது. எக்ஸ்ரேயில் தெரியாத குருத்தெலும்பு அதில் தெரியும், கதிர்வீச்சும் இல்லை. ஆஸ்திரியா 1992-இலும் ஜெர்மனி 1996-இலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஸ்கேனைக் கொண்டுவந்தன.

அப்படியானால் இங்கும் எல்லாக் குழந்தைக்கும் எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். நார்வேயின் ஆய்வுகள் நம்மை நிதானிக்கச் சொல்கின்றன. பெர்கன் நகரில் 11,925 குழந்தைகளிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்த பிரிவில் நூற்றுக்கு 3.4 பேர் சிகிச்சை பெற்றார்கள். கையால் மட்டும் சோதித்த பிரிவில் 1.8 பேர். தாமதமாகத் தெரியவந்த பாதிப்புகள் குறைந்தன என்றாலும், அந்தக் குறைவு புள்ளியியல் உறுதி பெறவில்லை. டிரோண்ட்ஹெய்ம் நகரில் 15,529 குழந்தைகளிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்விலும் தாமதப் பாதிப்புகளின் குறைவு புள்ளியியல் உறுதி பெறவில்லை. பிறந்தவுடன் முதிராமல் இருக்கும் பல மூட்டுகள் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடும்; எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தால் தேவையற்ற சிகிச்சை கூடலாம் என்பதற்கு அதுவே காரணம். ஆகவே நான் கேட்பது அளவானது. எல்லாக் குழந்தைக்கும் கைச்சோதனை. சந்தேகம் உள்ள குழந்தைக்கும் ஆபத்துக் காரணம் உள்ள குழந்தைக்கும் மட்டும் ஆறாவது வார ஸ்கேன். மூட்டு விலகியிருப்பது கைக்கே தெரிந்துவிட்டால் 45 நாள் காத்திருக்காமல் உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

ஆபத்துக் காரணங்களில் முக்கியமானவை இரண்டு: வயிற்றில் குழந்தை தலை திரும்பாமல் இருந்தது, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்தக் குறை இருந்தது. தலை திரும்பாத குழந்தைகள் நூறு பிரசவத்தில் மூன்று நான்கு என்பதால், ஒரு வட்ட மருத்துவமனைக்கு இது தாங்க முடியாத சுமை ஆகாது. ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கியிருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொருவரும் ஸ்கேன் கற்க வேண்டியதில்லை; மருத்துவமனைக்கு ஒருவர் போதும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் இந்தக் குறை ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில்தான் நடந்தன. தகவல் கைமாறும் இடத்தில்தான் குறை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் ஓர் ஊரில் பெற்று, இன்னோர் ஊரில் ஊசி போடுகிறாள். சிசேரியன் ஆகிவிட்டால், குழந்தை தலை திரும்பாமல் இருந்ததைப் பல நேரம் யாரும் தாய்சேய் நல அட்டையில் எழுதுவதில்லை. எழுதினாலும், தையல் ஆறாத உடம்போடு திருச்செந்தூரிலிருந்து 40 கிலோமீட்டர் பயணம் செய்து தூத்துக்குடியில் ஸ்கேனுக்குக் காத்திருக்க எத்தனை தாய்மாரால் முடியும்? ஊசிக்கு வரும் நாளிலேயே, திருச்செந்தூரிலேயே அது முடிய வேண்டும்.

தாதியரால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு, கிராஃப் முறையே பதில் சொல்கிறது. படத்தில் மூன்று அடையாளங்கள் தெரிய வேண்டும்: குழியின் அடியில் இடுப்பெலும்பின் கீழ்முனை, நேர்கோடாக நிற்கும் இடுப்பெலும்பு, குழியின் விளிம்புக் குருத்தெலும்பு. ஒன்று குறைந்தாலும் அந்தப் படம் செல்லாது. மூன்றும் இருந்தால் எலும்புக் கூரையின் கோணத்தை அளக்கலாம். 60 பாகை அல்லது அதற்கு மேல் என்றால் மூட்டு தேறியது. விதி இவ்வளவு தெளிவாக இருப்பதால், தாதி எடுத்த படத்தைத் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவர் அங்கிருந்தே சரிபார்க்கலாம். இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற தாதியர் பிறந்த குழந்தையின் முழு உடற்சோதனையை, இடுப்பையும் சேர்த்து, செய்துவருகிறார்கள்.

வலுவான மறுப்பு சட்டத்திலிருந்து வருகிறது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், ஸ்கேன் கருவி யாரிடம் இருக்கலாம், யார் இயக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. அந்தக் கட்டுப்பாட்டை ஒரு நூலளவும் தளர்த்தக் கூடாது. கருவி பதிவு பெற்ற மருத்துவமனையைவிட்டு வெளியே போகாமல், மருத்துவரின் பொறுப்பில், ஒவ்வொரு படமும் பதிவாகி, பிறந்த குழந்தையின் இடுப்புக்கு மட்டும் என்ற தனி அனுமதியைச் சட்டப்படியே கேட்டுப் பெற வேண்டும். அது வரும்வரை ஸ்கேன் மருத்துவர் கையில்தான். கேட்பதற்கு நியாயம் இருக்கிறது: இந்தக் குறையோடு பிறப்பவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். பெண்ணைக் கருவிலேயே அழிக்கத் துணைபோன கருவி, பிறந்த பெண்ணை நடக்கவைக்கத் துணை நிற்கட்டும்.

அனுமதி வருமுன்னும் உங்களுக்கு வேலை இருக்கிறது. குழந்தை தலை திரும்பாமல் இருந்திருந்தால் அட்டையில் எழுதுங்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதியும் அரசின் பிக்மி பதிவில் ஏற்றுங்கள். 45 நாள் ஊசிக்கு வரும் குழந்தையின் இரு தொடைகளையும் விரித்துப் பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள். காலை நீட்டி அமர்ந்து குளிப்பாட்டும் பாட்டியிடம், குழந்தையின் கால்களை இழுத்து நேராக்க வேண்டாம், சேர்த்துக் கட்ட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஜப்பானில் 1975-இல் தொடங்கிய அத்தகைய பிரசாரத்துக்குப் பின் இந்தக் குறை வெகுவாகக் குறைந்தது. கால் விரித்து இடுப்பில் தூக்கி வைக்கும் நம் வழக்கம் மூட்டுக்கு நல்லது என்றும் சொல்லுங்கள். நீங்கள் எழுதிவைக்கும் பதிவுகள்தான் நாளை அரசிடம் அனுமதி கேட்கும்போது நம் சான்றாக நிற்கும். அந்தச் சான்றை உருவாக்கும் முதல் அணி நீங்களாக இருங்கள்.