பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பறக்க முன்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், ஒரேத்தோவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நல்ல நாளும் பெருநாளுமாய் வருத்தத்தைப் பற்றிக் கதைக்கிறானே என்று சிலர் நினைப்பீர்கள். ஆனால் பலெர்மோவில் உள்ள எங்கட சனம் எல்லாம் ஓரிடத்தில் கூடுகிற நாள் இதுதான். அதனாற்தான் தலைவரிடம் கேட்டுப் பதினைந்து நிமிடம் வாங்கினேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளைக்காக நாங்கள் காசு சேர்த்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிறக்கும்போதே மூச்சுத் திணறி, மூளை பாதிக்கப்பட்ட பிள்ளை. நடக்கமாட்டான். கதையும் குறைவு. வெளிநாடொன்றில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழும்பி நடப்பான் என்று ஒரு விளம்பரப் புத்தகம் வந்தது. எந்த நாடு, எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. அதை வாசித்துத் தாய்க்குத் தமிழில் சொன்னவன் நான்தான். அதில் இருந்த நம்பிக்கையை எல்லாம் நான் நல்லாய்த்தான் மொழிபெயர்த்தேன். அதில் இல்லாததை நான் கவனிக்கவில்லை.

சீட்டு எடுத்தார்கள், தாலிக்கொடி அடகுக்குப் போனது, மிச்சத்தை நாங்கள் உண்டியல் குலுக்கிச் சேர்த்தோம். பத்து நாளில் மூன்று ஊசி. திரும்பி வந்தபின் இங்குள்ள நரம்பு வைத்தியரிடம் போனோம். அவர் ஏசவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார்: "என்ன கலம் ஏற்றினவர்கள்? யாருடைய கலம்?" கொண்டுவந்த கடதாசியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதில் காசின் கணக்கு இருந்தது, கலத்தின் பெயர் இல்லை. பிள்ளை போனபடியே வந்தான். தாய் அந்தக் கடனுக்காக இன்னும் இரண்டு வீடு கூடுதலாகத் துடைத்தா. ஒருநாளாவது என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பாரம்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்கவும் கேட்கவும் தொடங்கினேன். அறிந்ததைச் சொல்லுறன், கேளுங்கோ.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். பனைக்குக் குருத்து எப்படியோ அப்படி. குருத்திலிருந்துதான் ஓலை வரும். எங்கள் என்புக்குள் இருக்கும் மச்சையில் இரத்தத்துக்கான குருத்துக் கலங்கள் உண்டு. ஆனால் பனங்குருத்திலிருந்து பனையோலைதான் வரும், தென்னோலை வராது. அதுபோல இரத்தக் குருத்து இரத்தத்தைத்தான் தரும். அதை ஊசியால் ஏற்றினால் மூளை முளைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியென்றால் எல்லாம் பொய்யோ? இல்லை. இந்தச் சிசிலிச் சனத்தையே பாருங்கோ. தலசீமியா என்ற இரத்த வருத்தம் இங்கே நெடுங்காலமாக இருக்கிறது. செர்வெல்லோ ஆஸ்பத்திரியில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 1981-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரிலும், இத்தாலியில் பேசரோ நகரிலும் தலசீமியாப் பிள்ளைகளுக்கு மச்சை மாற்றத் தொடங்கினார்கள். பேசரோவில் அதை நடத்தியவர் குயிதோ லூக்கரெல்லி என்ற வைத்தியர். தென் இத்தாலியிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் தாய்தகப்பன்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். வைத்தியத்துக்காக ஊர்விட்டு ஊர் போவதை இத்தாலியர் "நம்பிக்கைப் பயணம்" என்று சொல்வார்கள். எங்களைப் போலத்தான் அவர்களும் பெட்டி கட்டினார்கள்.

ஆனால் பேசரோவில் "எல்லாரும் சுகப்படுவார்கள்" என்று சொல்லவில்லை. ஈரல் வீங்கியிருக்கிறதா, தழும்பு விழுந்திருக்கிறதா, உடம்பில் சேரும் இரும்பைக் கழிக்கும் மருந்து ஒழுங்காக எடுத்ததா என்று பார்த்துப் பிள்ளைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் பத்துக்கு ஒன்பது பேரளவில் நோய் நீங்கி வாழ்ந்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஆபத்து மிக அதிகம். சாவும் வரலாம் என்பதை முன்கூட்டியே சொன்னார்கள், எழுதி வெளியிட்டார்கள். பிழைத்தவர் கணக்கோடு இறந்தவர் கணக்கும் அங்கே இருந்தது.

இன்னொரு கதை, எங்களைப் போன்ற ஓர் அகதிக் குடும்பத்தின் கதை. சிரியாவிலிருந்து வந்த ஏழு வயதுப் பிள்ளை, தோல் கழன்று போகிற பரம்பரை வருத்தம். 2015-ல் ஜேர்மனியின் போகும் நகர ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடியது. பிள்ளையை எங்கும் கொண்டுபோகவில்லை. சிறு துண்டுத் தோல்தான் இத்தாலியின் மோதெனா நகருக்குப் பயணம் செய்தது. அங்கே மிக்கேலே தே லூக்காவின் குழு அதிலிருந்த குருத்துக் கலத்தில் பழுதைத் திருத்தி, புதுத் தோல் வளர்த்து அனுப்பியது. உடம்பின் நூற்றுக்கு எண்பது பங்கு தோலை மாற்றினார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போனான். 2017-ல் எல்லா விபரத்தையும் உலகம் அறிய வெளியிட்டார்கள்.

இனி மற்றப் பக்கத்தைப் பாருங்கோ. இதே இத்தாலியில் தவிதே வன்னோனி என்பவர் ஸ்தாமினா என்ற பெயரில் ஒரு முறையைப் பரப்பினார். அவர் வைத்தியர் அல்லர். மச்சைக் கலத்தை நரம்புக் கலமாக மாற்றுவேன் என்றார். 2012-ல் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் தடுத்தது. 2013-ல் தொலைக்காட்சியில் நோயாளிப் பிள்ளைகளின் முகத்தைக் கண்டு நாடே கலங்கியது. உரோமில் ஊர்வலம் போனது. தொடங்கியவர்கள் தொடரலாம் என்று அரசே சட்டம் செய்தது. பரிசோதனைக்கு மூன்று மில்லியன் யூரோவும் ஒதுக்கியது. அவருடைய காப்புரிமை விண்ணப்பத்தில் இருந்த படங்கள் வேறு ஆய்வாளர்களுடையவை என்று அதே ஆண்டு வெளிவந்தது. 2014-ல் நிபுணர் குழு, இதில் பரிசோதிக்கவே அடிப்படை இல்லை என்றது. 2015-ல் தூரின் நீதிமன்றத்தில் ஒரு வருடம் பத்து மாதத் தண்டனை. அதன் பின்னும் நோயாளிகளை ஜோர்ஜியா நாட்டுக்கு வரச்செய்து தொடர்ந்தார் என்று 2017-ல் கைது செய்தார்கள். படித்த இத்தாலியரே ஏமாந்த இடம் இது. எங்களுக்கு மட்டும் புத்தியில்லை என்று வெட்கப்பட வேண்டாம்.

காசு போவதோடு எல்லா இடத்திலும் முடிவதில்லை. நரம்பு வருத்தம் உள்ள இஸ்ரேலியப் பிள்ளை ஒன்றை மொஸ்கோவுக்குக் கொண்டுபோய் மூளைக்குள் கலம் ஏற்றினார்கள். சில வருடத்தால் மூளையிலும் முள்ளந்தண்டிலும் கட்டி வந்தது. அந்தக் கட்டி பிள்ளையின் கலமல்ல, ஏற்றப்பட்ட கலத்திலிருந்து வளர்ந்தது என்று 2009-ல் ஆய்வறிக்கை வெளிவந்தது.

எங்கட ஆட்கள் இந்தியாவுக்குத்தான் கூடுதலாகப் போகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் மச்சை மாற்றுகிறார்கள். அது உண்மையான வைத்தியம். இரத்த வருத்தங்கள் போன்ற ஏற்றுக்கொண்ட நோய்களுக்கு மச்சை மாற்றுவதைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி மட்டுமே என்று அந்த நாட்டின் 2017-ம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. ஓட்டிசத்துக்கு இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று 2022-ல் அங்குள்ள மருத்துவ ஆணையமும் சொன்னது. எனவே நாட்டைப் பார்த்து நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். கேள்வியைக் கேளுங்கோ.

நான் அன்று கேட்காத கேள்விகள் இவை:

யாருடைய கலம், என்ன கலம், எந்த வழியாக ஏற்றுவீர்கள்?

இது அங்கீகரித்த சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் எங்களிடம் ஏன் காசு?

என்ன தீமை வரலாம்? "ஒன்றும் வராது" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழும்புங்கோ.

சுகப்படாதவர்கள் எத்தனை பேர்?

திரும்பி வந்தபின் யார் பார்ப்பது?

சலரோகம், வாதம், மூட்டு வலி, ஓட்டிசம் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்றால் அது வைத்தியமல்ல, வியாபாரம்.

போக முன் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கோ. இத்தாலியின் வேறு மாகாணத்தில் நடக்கும் மச்சை மாற்றலுக்கு அரச சுகாதார சேவையே பொறுப்பு. வேறு ஐரோப்பிய நாட்டுக்கு உண்மையில் போகவேண்டி வந்தால், நிபுணர் எழுதி, இங்குள்ள சுகாதார நிர்வாகம் முன்கூட்டி அனுமதித்தால் எஸ்-2 என்ற படிவம் கிடைக்கும். தாலிக்கொடி அடகுக்குப் போகத் தேவையில்லை. மொழி தெரியாதென்றால் என்னைக் கூப்பிடுங்கோ. இம்முறை இல்லாததையும் சேர்த்து வாசிப்பேன்.

கடைசியாக இளையோருக்கு ஒன்று. மச்சை மாற்ற, பொருந்துகிற ஆள் வேண்டும். கூடப்பிறந்த ஒருவர் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அது தவறினால் பதிவேட்டில் தேட வேண்டும். ஒரே இனவழி வந்தவர்களுக்குள்ளேதான் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்புக் கூட. இத்தாலியின் பதிவேடு ஜெனோவாவில் இருக்கிறது. 18 முதல் 35 வயது, ஐம்பது கிலோ நிறை, நல்ல சுகம் இருந்தால் சேரலாம். தொடக்கத்தில் கொஞ்ச உமிழ்நீரோ இரத்தமோதான் எடுப்பார்கள். பொருத்தம் வந்து கொடுக்கும்போதும் பெரும்பாலும் கையிலிருந்து இரத்தம் எடுத்து, கலத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பி ஏற்றுவார்கள். சிலவேளை மயக்கமருந்து கொடுத்து இடுப்பென்பிலிருந்து எடுப்பார்கள். எங்கட பிள்ளையள் அந்தப் பதிவேட்டில் இல்லாவிட்டால், நாளைக்கு ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தேடும்போது யாரைக் கண்டுபிடிப்பார்கள்?

அன்று ஒரு பிள்ளைக்காக உண்டியல் குலுக்கினோம். அந்த மனசில் பிழையில்லை, அது போன இடத்தில்தான் பிழை. அந்தப் பையன் இன்று பெரிய பிள்ளை. கிழமைக்கு இரண்டு தரம் இங்கேயே உடற்பயிற்சிக்குப் போகிறான். போன மாதம் கரண்டியைத் தானே பிடித்துச் சோறு சாப்பிட்டான். தாய் அதை எனக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னா.