பூட்டு உடையவில்லை, சாமான் எங்கே போனது?

(தோட்டத்துக் கூட்டமொன்றில் பூட்டு வேலை செய்யும் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். இப்போது டவுனில் பூட்டு திருத்தி, சாவி வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறேன். பூட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பூட்டில் பேச என்ன இருக்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

சில வருசங்களுக்கு முந்தி ஒரு வயதான அம்மா, பூட்டொன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். எல்லோரும் மலைக்குப் போயிருந்த நேரம், காம்பராவில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு ஜோடித் தோடும் சம்பளக் காசும் போய்விட்டன. கதவு பூட்டினது பூட்டினபடி. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியென்றால் சாவி வைத்திருந்த ஆள்தானே எடுத்திருக்க வேண்டும்? சாவி இருந்தது மருமகளிடம். அந்தப் பிள்ளை மூன்று நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

"சாவி இல்லாம இத திறக்க ஏலுமா தம்பி? அத மட்டும் பாத்துச் சொல்லு" என்றார்.

நான் இரண்டு சின்னக் கம்பிகளை எடுத்தேன். அவர் கையிலிருந்த தேத்தண்ணி முடியுமுன்னே பூட்டு வாயைத் திறந்துவிட்டது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டை மேசையிலேயே போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த மாசம் மருமகளையும் கூட்டிக்கொண்டு புதுப் பூட்டு வாங்க வந்தார். எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அந்தப் பூட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல வேண்டுமானால், பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும்.

நாம் சாவி போடுகிற இடம் ஒரு உருளை. அது ஒரு கூட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. கூட்டிலிருந்து உருளைக்குள் வரிசையாக நாலைந்து துளைகள் போகும். ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், அதன் மேலே இன்னொரு பின், அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக நின்று, உருளையைச் சுற்ற விடாமல் தடுக்கும். சரியான சாவியைப் போட்டால் அதன் பள்ளம் மேடுகள் கீழ்ப் பின்களை அளவாகத் தூக்கும். இரண்டு பின்களும் பிரிகிற இடம், உருளையும் கூடும் சந்திக்கிற கோட்டுக்குச் சரியாக வந்துவிடும். உருளை சுற்றும். மரத்தில் செய்த இந்த மாதிரிப் பூட்டு பழைய எகிப்திலேயே இருந்திருக்கிறது. அமெரிக்காவில் லைனஸ் யேல் என்பவர் 1861, 1865 ஆம் ஆண்டுகளில் காப்புரிமை எடுத்த பிறகுதான், தட்டையான சின்னச் சாவியோடு இன்றைய உருவத்துக்கு வந்தது.

இதில் கள்ளனுக்கு எங்கே வழி? துளைகளை எவ்வளவு கவனமாகத் துளைத்தாலும் மயிரிழைக் கோணல் இருக்கத்தான் செய்யும். உருளையை லேசாகத் திருகிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒரே நேரத்தில் இறுகாது. ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தூக்கினால் கோட்டில் நின்றுவிடும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. அந்த அம்மாவின் பூட்டில் இருந்தவை எல்லாம் மொழுக்கென்ற நேர்ப் பின்கள். அதுவும் தேய்ந்துபோனவை. எனக்குத் தேத்தண்ணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

நல்ல பூட்டில் சில மேல் பின்களை வேறு மாதிரிச் செய்திருப்பார்கள். ஒன்று உடுக்கு மாதிரி, நடு இடுப்பு ஒடுங்கி இருக்கும். இன்னொன்று காளான் மாதிரி. வேறொன்றில் ஸ்குரு ஆணி போல வரி வரியாக வெட்டு இருக்கும். இவற்றைத்தான் பாதுகாப்புப் பின்கள் என்கிறோம்.

உடுக்குப் பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளன் திருகிப் பிடித்தபடி அதைத் தூக்குகிறான். அதன் ஒடுங்கின இடுப்பு கோட்டுக்கு வந்ததும் உருளை கொஞ்சம் சுற்றிக்கொடுக்கும். ஆகா, திறந்துவிட்டது என்று நினைப்பான். திறக்காது. பின்னின் விளிம்பு மாட்டிக்கொண்டிருக்கும். இன்னும் தூக்க வேண்டுமானால் திருகலைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் ஏற்கெனவே நிறுத்தின மற்றப் பின்கள் விழுந்துவிடும். திரும்ப முதலிலிருந்து.

அப்படியானால் நமக்கு மட்டும் எப்படித் திறக்கிறது என்று கேட்பீர்கள். நாம் சாவியை முழுக்க உள்ளே விட்ட பிறகுதான் திருகுகிறோம். அதற்குள் எல்லாப் பின்களும் தம் தம் இடத்தில் நிற்கும். இடுப்பு கோட்டுக்கு வருகிற பேச்சே இல்லை. கள்ளன் முதலில் திருகி, பிறகு தூக்குகிறான். அந்த முன்பின் வித்தியாசத்தில்தான் அவனை மாட்டுகிறார்கள்.

இந்த யோசனை புதிதல்ல. லண்டனில் பிரமா என்பவர் 1784 இல் காப்புரிமை எடுத்த பூட்டு ஒன்று உண்டு. 1817 இல் அந்தப் பூட்டுகளில் பொய் வெட்டுகளைச் சேர்த்தார்கள். பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி என்று கடைக் கண்ணாடியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1851 இல் ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்துவிட்டார். ஆனால் 16 நாட்களில் மொத்தம் 51 மணித்தியாலம் பிடித்தது. திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்றை நானும் பார்த்ததில்லை. ஆனால் லயத்து வாசலில் பட்டப்பகலில் 51 மணித்தியாலம் யார் நிற்பான்? பக்கத்து வீட்டுப் பாட்டி வெளியே வருவதற்குள் வேலை முடியவில்லையென்றால் போய்விடுவான்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? பாதுகாப்புப் பின் வெளியே தெரியாது. கடைக்காரரிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சாவியைப் பார்க்கலாம். வெட்டுகள் ஐந்தாவது இருக்கட்டும், ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும் இருக்கட்டும். எல்லா வெட்டும் ஒரே உயரமாக இருந்தால் வேண்டாம். வளையத்தையும் பாருங்கள். இரண்டு காலிலும் உள்பக்கம் வட்டமான பள்ளம் இருந்தால் உள்ளே குண்டு வைத்துப் பூட்டுகிற சாமான். ஒரு காலில் மட்டும் சரிவான வெட்டு இருந்தால், மெல்லிய தகடு ஒன்றைச் செருகியே திறந்துவிடலாம். அங்கே எந்தப் பின்னும் உதவாது.

கொண்டியை மறக்காதீர்கள். எத்தனையோ வீட்டில் நல்ல பூட்டு, ஆனால் கொண்டியை இரண்டு ஸ்குரு ஆணியில் வெளியே தெரிகிறபடி அடித்திருக்கிறார்கள். கள்ளன் பூட்டைத் தொடவே மாட்டான், ஆணியைக் கழற்றுவான். கதவுக்கு ஊடாக போல்ட் விட்டு, நட்டை உள்பக்கம் இறுக்குங்கள்.

இன்னொன்று. பூட்டு இறுகினால் உடனே தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறோம். அது 24 பாகைக்குக் கீழே உறைகிற எண்ணெய். நம்முடைய மலைக் குளிரில் காலையில் அது மெழுகாகிவிடும். உடுக்குப் பின்னின் இடுப்பில் தூசியோடு சேர்ந்து அப்பிக்கொண்டால் சொந்தச் சாவிக்கே திறக்காது. பிள்ளைகளின் பென்சிலை எடுத்து, கரியைச் சாவியில் நன்றாகத் தேய்த்து, நாலு தரம் உள்ளே விட்டு எடுங்கள். போதும்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லலாமா, கள்ளனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஆகாதா என்று ஐயா ஒருவர் வரும்போதே கேட்டார். ஹொப்ஸையும் அப்படித்தான் கேட்டார்களாம். கள்ளனுக்கு இது எப்போதோ தெரியும் ஐயா. தெரியாமல் இருந்தது அந்த மருமகளுக்கும் மாமியாருக்கும்தான்.

மேசையில் இரண்டு பூட்டுகளைப் பிரித்து வைத்திருக்கிறேன். அம்மா விட்டுப்போன பூட்டும் அதில் ஒன்று. வந்து பின்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் மிகச் சின்னது, பக்கத்தில் நின்று யாரும் தும்மிவிடாதீர்கள்.