கடன் ஏட்டைத் திருத்தும் தொழில்

 

கடன் ஏட்டைத் திருத்தித் தரும் தொழிலை நம் இளைஞர்கள் காரிமங்கலத்தில் தொடங்கலாமா என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். கேட்பதற்குச் சிறிய பொருள்தான். ஆயினும் வங்கியின் படியேறி வெறுங்கையோடு திரும்பியவர்கள் இதன் கனத்தை அறிவார்கள்.

நம் பாட்டன்மார் காலத்தில் கடன் கணக்கு வட்டிக்காரரின் சிட்டையில் இருந்தது. கைநாட்டு நம்முடையது, எழுத்து அவருடையது. கொடுத்த தொகையை வரவு வைத்தாரா என்று படித்துப் பார்க்க நமக்கு எழுத்தில்லை, கேட்க நாவில்லை. கொத்தடிமைக் கடன்கள் இனிச் செல்லா என்று சட்டம் சொல்வதற்கே 1976ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

இன்று அந்தச் சிட்டை வேறிடம் போயிருக்கிறது. டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க் என்னும் நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றைக் கணினியில் எழுதி வைத்திருக்கின்றன. 300 முதல் 900 வரை மதிப்பெண்ணும் இடுகின்றன. தாட்கோ வழியாகவோ, 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் வழியாகவோ தொழில் செய்ய விண்ணப்பிக்கிறோம். மானியம் அரசினுடையது, கடனைத் தருவதோ வங்கி. வங்கி முதலில் புரட்டுவது இந்த ஏட்டைத்தான்.

அந்த ஏட்டில் பிழைகள் நேர்கின்றன. அடைத்து முடித்த வண்டிக் கடன் நிலுவையென நிற்கும். பெயரும் தலைப்பெழுத்தும் ஒத்த வேறொருவரின் கடன் நம் தலையில் ஏறும். உறவினருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அங்கே காத்திருக்கும். ஆனால் அது பிழையன்று, நாம் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குச் சென்று, தவணையில் கைப்பேசி வாங்கி, பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பிய தம்பிமாரும் இதனைச் செவியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிழையைத் திருத்தும் உரிமையை 2005ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு அளித்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரவேண்டும். முறையீட்டை 30 நாளில் தீர்க்கவேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் நீதி கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அங்கும் கட்டணமில்லை.

அப்படியானால், ஆயிரக்கணக்கில் முன்பணம் வாங்கிக்கொண்டு "மதிப்பெண்ணை உயர்த்தித் தருகிறேன்" என்பவர் எதனை விற்கிறார்? இலவசமாய்க் கிடைப்பதை விற்கிறார். அல்லது நடவாத ஒன்றை விற்கிறார். உண்மையான நிலுவையை எவராலும் அழித்தெழுத இயலாது. அமெரிக்காவில் இத்தகையோர் பெருகியதால், வேலை முடியுமுன் கூலி வாங்கக்கூடாது என்று 1996இலேயே சட்டம் செய்தார்கள். நாமும் அவ்விதியை நமக்கு இட்டுக்கொள்வோம்.

தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏட்டை வரவழைத்துப் படித்துச் சொல்வது, ரசீதுகளையும் நிலுவையின்மைச் சான்றையும் திரட்டுவது, வங்கிக்கும் நிறுவனத்துக்கும் முறையீடு எழுதுவது, 30 நாளை எண்ணிக்கொண்டிருப்பது ஆகிய யாவும் உழைப்பே. உழைப்புக்குக் கூலி உண்டு. அந்தக் கூலியைப் பலகையில் எழுதி மாட்டுங்கள். வருகின்றவரின் ஓ.டி.பி. எண்ணை வாங்கிக் குறித்து வைக்காதீர்கள். அவர் கையாலேயே பதியச் செய்யுங்கள். "பாதி கட்டு, முடித்துவிடுகிறோம்" என்று கடன்காரர் அழைக்கும்போது, அது ஏட்டில் 'செட்டில்டு' என்றே பதியும், 'க்ளோஸ்டு' என்று பதியாது. அடுத்த கடனுக்கு அதுவே தடையாகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்னரே எடுத்துச் சொல்லுங்கள். மகளிர் குழுத் தாய்மார்களுக்கு இந்த ஒரு செய்தியே பெரும் உதவியாகும்.

இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியுமென்று நான் எண்ணவில்லை. கணினியும் அச்சுப்பொறியும் வைத்து இ-சேவைப் பணி செய்வோர் இதனையும் சேர்த்துச் செய்தால் நிலைக்கும். சந்தை நாளில் சுற்றூர் மக்கள் எல்லாரும் இங்கே வருகிறார்கள். அன்று ஒரு மேசை போட நம் சங்கக் கட்டடத்தின் முன்னறையை ஒதுக்கித் தருமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் மாதம் உறுப்பினர்களின் ஏடுகளையே பார்ப்போம். என் ஏட்டையும் கொண்டுவருகிறேன்.