தல்செவனவில் அறை இருக்கிறது

(ஆராவில் எங்கட சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்களை எழுதும்போது நீட்டியிருக்கிறேன். பேச்சுமொழி வந்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.)



எங்களில் ஏழு பேர் இந்தக் கோடைக்கு இலங்கைக்குப் போகிறதெண்டு கதைச்சுக் கொண்டிருக்கிறம். அதுக்கொரு வட்ஸ்அப் குழுவும் இருக்கு. சிகிரியா, எல்ல, அறுகம்பே, பாசிக்குடா, கடைசி நாலு நாள் யாழ்ப்பாணம் எண்டு ஒரு பட்டியலும் வந்திட்டுது. நல்ல பட்டியல். எந்தச் சுவிஸ்காரர் போனாலும் கிட்டத்தட்ட இதைத்தான் போடுவினம். நான் இண்டைக்குக் கதைக்க வந்தது அந்தப் பட்டியலைப் பற்றித்தான். போகலாமா கூடாதா என்ற பழைய விவாதத்தைப் பற்றி மட்டும் இல்லை. போனால் எங்கே தங்குவோம், காசு ஆற்ற கைக்குப் போகும், நாங்கள் திரும்பி வந்த பிறகு அங்கே இருக்கிற ஆக்களுக்கு என்ன நடக்கும், இதுகளைப் பற்றி.

முதலில், யார் போகலாம் எண்டு சொல்லவேணும். இந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் இந்தக் கதை பொருந்தாது. சிவப்புப் பாஸ்போட் உள்ளவர் இணையத்தில் வீஸா எடுத்துக்கொண்டு போய் இறங்கலாம். அகதி அந்தஸ்தோட இருக்கிறவர் போக முடியாது. அவருடைய பயணப் புத்தகம் எல்லா நாட்டுக்கும் செல்லும், சொந்த நாட்டுக்கு மட்டும் செல்லாது. மீறிப் போனால் அந்தஸ்தே போகலாம். எஃப் விசாக்காரருக்கும் கதவு கிட்டத்தட்ட அடைப்புத்தான். அம்மம்மா செத்தாலும் பலர் வீடியோவில்தான் பார்க்கவேணும். அதே தீவுக்கான சலுகை விலை விளம்பரம் ட்ராமில் அவருக்கு முன்னால் தொங்கும்.

இதில் சுவிஸ் அரசின் பங்கையும் மறக்கக் கூடாது. இங்கேயிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்கள் கொழும்பில் பிடிபட்ட பிறகு, 2013 இல் நாடு கடத்தலை நிறுத்தி வைத்தார்கள். சில வருடங்களில் திரும்பத் தொடங்கினார்கள். 2018 இல் கொழும்போடு குடிபெயர்வுக் கூட்டாண்மை என்று ஒரு ஒப்பந்தமும் எழுதினார்கள். ஒருவருக்கு ஒருவழி ரிக்கெற், இன்னொருவருக்கு இருவழி ரிக்கெற். விமானம் ஒண்டுதான்.

இனி தங்குகிற கதை.

காங்கேசன்துறையில் கடலோரத்தில் அறை தேடினால் தல்செவன எண்டொரு பெயர் வரும். படங்களில் நீலக் கடல், வெள்ளை மணல், புல்வெளி. அதை நடத்துவது இலங்கை இராணுவம். அது நிற்கிற பகுதி 1990 இல் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட வலிகாமம் வடக்கு. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. அந்தச் சனத்தில் ஒரு பகுதி கோணாப்புலம் போன்ற முகாம்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. முகாமில் பிறந்து, முகாமில் கலியாணம் கட்டி, முகாமில் பிள்ளை பெத்தவை இருக்கினம். அவையளின்ர சொந்தக் கடற்கரையில் ஆமி அறை வாடகைக்கு விடுது, காலைச் சாப்பாட்டோட.

மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில்தான் விடுபட்டது, 27 வருடத்துக்குப் பிறகு. வசாவிளான்–பலாலி வீதி 2024 நவம்பரில் திறந்தது. இப்படித் துண்டு துண்டாக வருகிறது, எல்லாம் வரவில்லை. பக்கத்தில் தையிட்டியில் தனியார் காணிக்குள் கட்டின திஸ்ஸ விகாரைக்கு முன்னால் போயா நாட்களில் காணிக்காரர்கள் வந்து நின்று போராடுகிறார்கள். தெற்கிலிருந்து வருகிற யாத்திரை பஸ்கள் அவர்களைக் கடந்து உள்ளே போகின்றன.

தல்செவன ஒரு விதிவிலக்கு என்று நினைக்கக் கூடாது. இராணுவத்துக்கு 'லாயா' எண்டு ஒரு ஹொட்டேல் வரிசையே இருக்கு: வாதுவையில், குக்குலே கங்கையில், யால பக்கத்தில், கல்குடாவில். விமானப்படைக்குத் திருகோணமலையில் மார்பிள் பீச், உள்நாட்டுப் பறப்புக்கு ஹெலிரூர்ஸ். நந்திக்கடல் ஓரத்தில் 'லகூன்ஸ் எட்ஜ்' என்று ஒரு விடுதி. நந்திக்கடல்! ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு, போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கலாம் என்று 2011 இல் எழுதிய அதே கரையோரம். 'களப்பின் விளிம்பு' என்று பெயர் வைத்தவருக்கு அந்தச் சொல் என்ன செய்கிறது எண்டு விளங்கியிருக்குமோ தெரியாது.

கடற்படைக்குக் காரைநகரில் ஹம்மன்ஹீல் கோட்டை. இதை எங்களைப் போன்ற இடதுசாரிகள் கொஞ்சம் நிண்டு பார்க்கவேணும். கடலுக்கு நடுவில் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. 1971 கிளர்ச்சிக் காலத்தில் ஜேவிபிக்காரரை அடைச்சு வைச்ச சிறை. இண்டைக்கு அது கடற்படையின் விடுதி. ஜேவிபியின் தலைவர் நாட்டின் ஜனாதிபதி. 2024 நவம்பர் தேர்தலில் அவருடைய கூட்டணி யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஐ எடுத்தது. எங்கட சொந்தக்காரரும் போட்டிருப்பினம். தங்கட தோழர்கள் இருந்த சிறையை ஹொட்டேலா நடத்துற படையை, அந்த வியாபாரத்தை விட்டு வெளியே வா எண்டு சொல்ல இவையளுக்கு என்ன தடை? இது நக்கல் இல்லை. அவர்களிடம் கேட்கவேண்டிய, அவர்கள் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

ஏன் இது பெரிய விசயம்? ஹொட்டேல் நடத்துற படைக்குப் படைமுகாமைக் குறைக்க ஒரு காரணமும் இல்லை. காணி, தண்ணி, சம்பளக்காரர் எல்லாம் அரச செலவு. பக்கத்தில் மூன்று அறை வைச்சு வாடகைக்கு விடுற அக்கா வங்கிக் கடன் கட்டவேணும், மின்சாரக் காசு கட்டவேணும். அவ எந்த விலைக்குப் போட்டி போடுறது? ஏ9 வீதியில் தேத்தண்ணிக் கடையிலும் இதே கதைதான்.

'அப்ப வடக்கில கவனமா இருப்பம், தெற்கில சும்மா ஜாலியா இருப்பம்' எண்டு ஒரு தோழர் சொன்னவர். அது சரிவராது. அறுகம்பேக்குக் கொஞ்சம் தெற்கே பாணம என்ற கிராமம். சிங்களவரும் தமிழரும் கலந்து கலியாணம் கட்டி வாழ்ந்த ஊர். 2010 யூலை 17 இரவு ஆயுதக்காரர் வந்து குடிசைகளை எரித்தார்கள். ஏறத்தாழ 350 குடும்பங்கள் பயிர் செய்த காணி படைகளின் கைக்குப் போனது. பிறகு அங்கே கடற்படையின் கபானாக்கள் வந்தன. காணியைத் திருப்பிக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவையே முடிவெடுத்தது. கொடுக்கவில்லை. 2016 இல் சனம் தானே உள்ளே போய்க் குந்தியது. சேர்ஃபிங் பலகையோடு அறுகம்பே போகிறவர்களுக்கு இந்தக் கதையை ஆரும் சொல்லுறதில்லை. எனக்கு இதுதான் முக்கியமான உதாரணம். காணி பிடிக்கிற இயந்திரம் தமிழரிடம்தான் பழகியது, ஆனால் தமிழரோடு நிற்கவில்லை.

கற்பிட்டியிலும் அப்படி. 14 தீவுகளைச் சேர்த்து ஒரு சுற்றுலா வலயம் போட்டார்கள். மீனவருக்கு வலை இழுக்கிற கரை குறைந்தது. அந்தக் குடாநாட்டிலும் புத்தளம் முழுக்கவும் வாழ்கிற முஸ்லிம்களில் பெரிய பகுதி, 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கிலிருந்து துரத்திய சனம். எழுபதாயிரத்துக்கு மேல். யாழ்ப்பாணத்தில் சில மணித்தியாலம்தான் அவகாசம். ஒருதரம் எங்கட பக்கத்தால், பிறகு ஹொட்டேல்காரரால். யாழ்ப்பாணத்துக்கு வைச்ச நாலு நாளில் ஒரு பின்னேரம் சோனகத்தெருவுக்கு எண்டு நான் பட்டியலில் எழுதியிருக்கிறன். அழிக்க விரும்புறவை அழிக்கலாம், ஆனால் ஏன் எண்டு குழுவில எழுதுங்கோ.

இதெல்லாம் நாங்கள் கண்டுபிடித்த விசயம் இல்லை. இந்த நாட்டிலேயே, அச்சுறுத்தலுக்குள்ளான மக்களுக்கான அமைப்பு 2015 இல் ஒரு அறிக்கை எழுதியது. கற்பிட்டி, குச்சவெளி, பாசிக்குடா மூன்று இடத்துக்கும் போய், சுற்றுலா எப்படிக் காணியையும் கரையையும் தின்னுது எண்டு விபரமாக எழுதினார்கள். சுவிஸ் பயண நிறுவனங்களிடமும் கேள்வி கேட்டார்கள். ஜேர்மன் வாசிக்கத் தெரிந்த எங்கட தலைமுறை அதை வாசிக்கவேணும். அதுக்கு முன்னம் 2010 இல் நியூயோர்க் ரைம்ஸ் 'போகவேண்டிய இடங்கள்' பட்டியலில் இலங்கையை முதலாவதாகப் போட்டிருந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம் ஆகவில்லை. 2009 இல் நாலரை இலட்சம் அளவில் வந்த சுற்றுலாப் பயணிகள் 2018 இல் 23 இலட்சம். குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 இன் கடன் முறிவு எல்லாம் கடந்து 2024 இல் திரும்ப 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். டொலர் இல்லாத நாட்டுக்கு எங்கட பிராங்கும் டொலர்தான். எங்களையும் எண்ணுவார்கள்.

சுவிஸ்காரர் இலங்கைக்கு 'பார்க்க' போறதும் புதுசில்லை. பாசலின் சரசீன் சகோதரர்கள் 1883 இல் போனார்கள். வேடர்களின் மண்டையோடுகளை அளந்து, எலும்புக்கூடுகளைப் பெட்டியில் போட்டுப் பாசலுக்குக் கொண்டுவந்தார்கள். விஞ்ஞானம் எண்டு சொன்னவை. இப்ப நாங்கள் போனில கொண்டுவாறம்.

மலையகத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உண்மையில் அதுக்குத் தனியா ஒரு பேச்சு வேணும். கண்டி–எல்ல ரெயினில் கதவில தொங்கிக்கொண்டு எடுக்கிற போட்டோவில் பின்னால் தெரிகிற பச்சை, ஒரு வேலைத்தளம். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதே பெரிய போராட்டத்துக்குப் பிறகு. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350. எங்கட காசில் நாலு பிராங்குக்குக் கிட்ட. ஆராவ் ஸ்ரேசனில் அதுக்கு ஒரு கப்புச்சீனோ வராது. துரைமாரின் பங்களாக்கள் இப்ப ஆடம்பர விடுதிகள். லயன்கள் லயன்களாகவே இருக்கு.

இவ்வளவும் சொன்னால், அப்ப புறக்கணிக்கச் சொல்லுறியா எண்டு கேப்பீங்கள். இல்லை. புறக்கணிப்பு அரசுக்கு எதிரான ஆயுதமாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோரிக்கை அங்கே வாழ்கிறவர்களிடமிருந்து வரவேணும். காணிக்குப் போராடுகிறவர்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார், கேப்பாப்புலவுச் சனம், இவர்கள் வராதே எண்டு சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆமியின் கட்டிலில் படுக்காதே எண்டு சொல்வது வேறு, ஊருக்கே போகாதே எண்டு சொல்வது வேறு. இரண்டாவதைச் சொல்லுற ஆக்களில் பலர் நல்லூர்த் திருவிழாவுக்குச் சத்தமில்லாமல் போய் வாறவை.

அதேநேரம் தமிழர் நடத்தினால் நல்லது எண்டும் நான் சொல்ல மாட்டன். யாழ்ப்பாணத்தில் எழும்புற பல ஹொட்டேல்களில் எங்கட வெளிநாட்டுக் காசு இருக்கு. அறை கூட்டுற பிள்ளைக்கு என்ன சம்பளம், கிழமையில் எத்தனை நாள் லீவு, ஈபிஎஃப் கட்டுறவையோ எண்டு கேளுங்கோ. கேட்டால் முதலாளிக்கு முகம் கறுக்கும். கறுக்கட்டும். சூரிச்சில் இதே கேள்வியை நாங்கள் துண்டுப்பிரசுரத்தில் எழுதுறம்தானே.

இப்ப அந்த அம்மாமாரின் விசயம். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் இருந்தவர்கள். பிள்ளையின் முடிவு தெரியாமலே செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் போறதெண்டால் சிகிரியாவுக்கும் பாசிக்குடாவுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் எண்டு போகாதேங்கோ. அப்படிப் போய் அழுது படம் எடுத்துப் போட்டு வாறதை விட, போகாமலே விடலாம். செம்மணியும் அப்படித்தான். 2025 இல் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, சின்னப் பிள்ளைகளும் அதில். அது நீதிமன்ற மேற்பார்வையில் நடக்கிற அகழ்வு. பார்க்கிற இடம் இல்லை.

கடைசியாகப் பாதுகாப்பு. எங்கட பாதுகாப்பு இல்லை, எங்களுக்குத் தூதரகம் இருக்கு. 2014 இலும் 2021 இலும் புலம்பெயர் அமைப்புகளையும் ஆட்களையும் தடைப்பட்டியலில் போட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இலிருந்து இருக்கு. நாங்கள் போய் வந்த பிறகு விசாரணைக்குப் போறது எங்களைக் கூட்டிக்கொண்டு திரிஞ்ச ஓட்டோக்கார அண்ணா, படுக்க இடம் தந்த மாமி. ஆகவே அங்கே நிற்கேக்க ஒருவருடைய முகமும் இடமும் இன்ஸ்ராகிராமில் போகக் கூடாது. திரும்பி வந்து, அவையளிட்டக் கேட்டு, ஓம் எண்டால் மட்டும். சந்திக்கிறவர்களின் பெயர்களை வட்ஸ்அப் குழுவில் எழுதுறதை இண்டையோட நிப்பாட்டுவம்.

போக முடியாத தோழர்களிடம் ஒன்று கேட்டிருந்தோம்: எங்களுக்காக எதைப் பார்த்துவரச் சொல்லுறீங்கள் எண்டு. மூன்று பேர் எழுதித் தந்திருக்கினம். ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிணறு, கட்டுவனில் ஒரு ஒழுங்கை. அந்த ஒழுங்கைக்கு இப்ப போகலாமோ, வேலி போட்டிருக்கோ எண்டு எழுதினவருக்கும் தெரியாது. இந்த மூன்றையும் முதலில் வைச்சு, சிகிரியாவை மிச்ச நாளுக்குள்ள விடுவம்.

ஓகஸ்ட் ரிக்கெற் விலை ஏறத் தொடங்கிட்டுது. தங்கக்கூடிய இடங்களின் பட்டியலை நாளைக்குப் போடுறன். ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ஆர் நடத்துறது, காணி ஆற்றது எண்டு ரெண்டு கட்டம் வெறுமையா இருக்கும். தெரிஞ்சவை நிரப்புங்கோ. தெரியாட்டி அம்மா அப்பாவிட்டக் கேளுங்கோ, அவைக்குத் தெரியும்.