மகளிடம் அப்பா பேச வேண்டிய பேச்சு



தோட்டத்தில் ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்புகிறோம். பந்தல் போடுகிறோம். மஞ்சள் நீராட்டி, பட்டு உடுத்தி, மாலை சூட்டி, நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுக்கிறோம். நாலு தோட்டத்துச் சொந்தக்காரர்களும் வந்து வாழ்த்திச் சாப்பிட்டுப் போகிறார்கள்.

ஆனால், “உன் உடம்பில் நடந்தது இதுதான் அம்மா” என்று அந்தப் பிள்ளைக்கு விளக்கிச் சொன்னவர் யார்? பல வீடுகளில் ஒருவரும் இல்லை. அதிலும் அப்பா, அன்று முதல் மகளை விட்டு ஓர் எட்டு விலகி நிற்கத் தொடங்கிவிடுகிறார். நேற்று வரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர், இன்று அவள் முகம் பார்த்துப் பேசவே கூசுகிறார். இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

“அது பெண்கள் விஷயம்; அம்மா பார்த்துக்கொள்வாள்” என்று நாம் சொல்வது வழக்கம். அம்மா சொல்வது நல்லதுதான். ஆனால், விடியுமுன் வேலைக்குப் போகும் அம்மாவும் உண்டு. தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் அம்மாவும் உண்டு. அம்மாவை இழந்த வீடுகளும் உண்டு. அப்போது அந்தப் பிள்ளை யாரிடம் போவாள்?

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். அம்மா இரவு வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகள் எழுந்து பார்க்கிறாள், பாவாடையில் இரத்தம். ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்று நடுங்குகிறாள். பாவாடையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, “வயிறு வலிக்குது அப்பா, பள்ளிக்குப் போகலை” என்கிறாள். சோம்பேறித்தனம் என்று நினைத்து அப்பா அதட்டுகிறார். மகள் வாயை மூடிக்கொள்கிறாள். ஓர் ஆண்டுக்கு முன்பே அப்பாவோ அம்மாவோ அவளிடம் பேசியிருந்தால் அந்தக் காலை வேறு விதமாக விடிந்திருக்கும் அல்லவா?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். எப்போது பேசுவது? பெண் பிள்ளையின் உடல், 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் மாறத் தொடங்குகிறது. முதலில் மார்பு அரும்பும். பிறகு உயரம் கூடும். மார்பு அரும்பி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் முதல் மாதவிலக்கு வரும். ஆகவே, பிள்ளை மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு படிக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

என்ன சொல்வது? பெரிய சொற்கள் வேண்டாம். வண்டியில் போகும்போதோ, வாசலில் உட்கார்ந்திருக்கும்போதோ இப்படிச் சொல்லலாம்: “அம்மா, நீ வளர்ந்துகிட்டு வர்றே. பொம்பளைப் பிள்ளைங்க வயித்துக்குள்ள கருப்பைன்னு ஒண்ணு இருக்கு. அதுலதான் குழந்தை வளரும். மாசா மாசம் அது உள்ளே மெத்தை மாதிரி ஒண்ணைத் தயார் பண்ணும். குழந்தை இல்லேன்னா அந்த மெத்தை இரத்தமா வெளியே வந்துடும். அது நோய் இல்லை. அம்மாவுக்கும் வரும், பாட்டிக்கும் வந்தது. உனக்கு வந்தா பயப்படாதே. அம்மா இல்லேன்னா என்கிட்ட சொல்லு.” இவ்வளவுதான். கடைசி வாக்கியம்தான் முக்கியமானது.

இரத்தம் இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை போகலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் மாதம் தவறி வருவது இயல்பு. கடையில் ‘பேட்’ என்று கேட்டால் கிடைக்கும் பஞ்சுப் பட்டையை நான்கு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். துணி பயன்படுத்தினால் சோப்புப் போட்டுத் துவைத்து, ஒளித்து வைக்காமல் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். குளிக்கலாம், தலை முழுகலாம், பள்ளிக்குப் போகலாம், ஓடி விளையாடலாம். முட்டை, கீரை, பருப்பு, நெத்திலி எல்லாம் சாப்பிடட்டும். இரத்தம் இழக்கும் உடம்புக்கு அவை தேவை. மகளுக்காகக் கடைக்குப் போய்ப் பேட் வாங்கி வருவது அப்பாவுக்கு இழுக்கு அல்ல. அரிசி பருப்பு வாங்குவது போன்றதுதான். 8 வயதுக்கு முன்பே மாற்றம் தெரிந்தாலும், 15 வயதாகியும் மாதவிலக்கு வராவிட்டாலும், பட்டை ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைந்துபோகும் அளவுக்கு இரத்தம் போனாலும் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

அடுத்தது நாம் அதிகம் கூசும் இடம். “குழந்தை எப்படி அப்பா வருது?” என்று பிள்ளை கேட்டால் அதட்டக் கூடாது. கேள்வி கேட்பது கெட்ட புத்தி அல்ல. சின்ன வயதில், “அம்மா வயித்துல வளர்ந்து வருது” என்பது போதும். பத்துப் பன்னிரண்டு வயதில், ஆண் பெண் உடல் சேரும்போது ஆணின் வித்தும் பெண்ணின் கருமுட்டையும் கூடிக் கருவாகிறது என்று நேராகவே சொல்லலாம். மாதவிலக்கு வரத் தொடங்கிய பெண், வயது எவ்வளவு குறைவாக இருந்தாலும், கருவுற முடியும் என்பதையும் அவள் அறிந்திருக்க வேண்டும். அப்பா சொல்லாவிட்டால் கைத்தொலைபேசி சொல்லும். கெட்ட எண்ணம் கொண்டவனும் சொல்வான்.

அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: “உன் உடம்பு உன்னுடையது. மாமாவானாலும் அண்ணனானாலும் வாத்தியாரானாலும், உனக்குப் பிடிக்காதபடி தொட்டால், வேண்டாம் என்று சொல்லி ஓடி வா. யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொல்கிறானோ, அவனைப் பற்றித்தான் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். நான் உன்னை அடிக்க மாட்டேன்.” பிள்ளைகளைக் கெடுப்பவன் பெரும்பாலும் வழிப்போக்கன் அல்ல, வீட்டுக்குள் வந்து போகும் ஆள்தான்.

நம் நாட்டுச் சட்டமும் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 16 வயதுக்கு உட்பட்ட பெண்ணுடன் உறவு கொண்டவன், “அவள் சம்மதித்தாள்” என்று சொல்லித் தப்ப முடியாது. 2017ஆம் ஆண்டு வந்த, சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் காக்கிறது. பெற்றோர், உறவினர், ஆசிரியர் என நம்பிக்கைக்கு உரியவரே குற்றம் செய்தால் தண்டனை கூடும். தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பதும் குற்றம். அதற்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆகவே, குடும்ப மானம் போய்விடும் என்று கமுக்கமாகப் பேசி முடிப்பது மகளுக்கும் துரோகம், சட்டத்துக்கும் விரோதம்.

வாயால் சொல்வதை நாம் நடத்தையிலும் காட்ட வேண்டும். வீடு சிறியதாக இருக்கலாம். குளியலறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட முடியாதா? உடை மாற்ற ஒரு திரை கட்ட முடியாதா? கதவைத் தட்டிவிட்டு உள்ளே போக முடியாதா? அவள் உடலைக் கேலி பேசாமல் இருக்க முடியாதா? அப்பாவிடம் மரியாதையைப் பார்த்து வளர்ந்த பெண், நாளை மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்ப்பாள், குறைந்தால் விலகுவாள்.

நேயர்களே, முதல் முறை பேசும்போது நாக்கு குழறத்தான் செய்யும். குழறினாலும் பரவாயில்லை. மகள் சொற்களை மறந்துவிடலாம். அப்பாவிடம் எதையும் சொல்லலாம் என்பதை மறக்க மாட்டாள். சடங்குக்குப் பந்தல் போடுமுன் அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுப்போம்.