கடிதங்களில் வாழும் உறவினர்

முகத்துவாரத்திலே களனி கங்கை கடலோடு கலக்கின்றது. அங்கிருந்து தெற்கே வருவோர் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் காண்பர். பொன்னம்பல முதலியார் நிறுவிய அக்கோயிலை அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கற்றளியாகப் புதுக்கினார். இராமநாதனையும் அவர் தம்பி அருணாசலத்தையும் கொழும்பு மாநகரம் நேரிற் கண்டு பழகியது. அவர்களுடைய மாமன் மகனையோ பெரும்பாலும் எழுத்தின் வாயிலாகவே அறிந்தது. அவர்தாம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் எலிசபெத் என்னும் ஆங்கில மாதுக்கும் 1877 ஆகஸ்ட் 22இல் கொழும்பிலே பிறந்தவர் ஆனந்தர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். பின்தொடர்ந்து கப்பலேற இருந்த தந்தை, புறப்பட வேண்டிய அந்நாளிலேயே, 1879 மே 4இல், காலமானார். தந்தையின் முகம் மகனுக்கு நினைவில்லை. தந்தை பிறந்த நாடு மட்டும் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

1903இல் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக அவர் இலங்கைக்கு மீண்டார். கல்லையும் மண்ணையும் ஆராயச் சென்ற ஊர்தோறும் கைவினைகள் நலிந்து கிடப்பதைக் கண்டார். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். முன்னோர் கலையைக் காக்குமாறு அதிலே இடித்துரைத்தார். கோட்டும் தொப்பியுமே நாகரிகமென்று பலர் எண்ணிய காலம் அது. இங்கிலாந்திலே வளர்ந்த ஒருவர், அந்நிய உடையைக் கைவிடுங்கள் என்று நம்மவரைக் கடிந்துகொண்டது பலருக்கு விசித்திரமாகத் தோன்றியிருக்கும். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலையும் அவர் வியாபார அச்சகத்தில் அச்சிடவில்லை. வில்லியம் மொறிஸ் கையாண்ட கையச்சு இயந்திரத்திலேயே 1908இல் அச்சிட்டார். பிரதிகள் 425 மாத்திரமே.

1917 முதல் இறக்கும்வரை அமெரிக்காவிலே பொஸ்டன் நுண்கலை அரும்பொருட்சாலையிற் பணியாற்றினார். தோட்டவேலையும் தூண்டில் மீன்பிடித்தலும் அவருக்கு விருப்பமான பொழுதுபோக்குகள். மற்ற நேரமெல்லாம் படிப்பும் எழுத்துமே. சிற்பி எரிக் கில், எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லி முதலியோருக்கு அவர் கடிதங்கள் எழுதினார். வடமொழி, பாளி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் மேற்கோள்கள் அவற்றிலே நிறைந்திருக்கும். தம் வாழ்க்கை வரலாற்றை எழுத விரும்பியோருக்கோ அவர் இடங்கொடுக்கவில்லை. மனிதனின் புறக்கோலத்தைப் போற்றுவது நம் மரபுக்கு ஒவ்வாது என்பது அவர் கொள்கை.

1947இல் தம் மகன் இராமாவைக் கல்விக்காக இந்தியாவுக்கு அனுப்பினார். எழுபதாவது பிறந்தநாள் விருந்திலே, தாமும் இந்தியா சென்று ஒதுங்கி வாழப்போவதாக அறிவித்தார். அது கைகூடவில்லை, பதினெட்டு நாட்களில், செப்டம்பர் 9இல், மறைந்தார்.

பின்னாளில் அறுவைவைத்தியரான அம்மகனே, நண்பர் ஒருவருடன் சேர்ந்து, தந்தையின் கடிதங்களைத் தொகுத்து 1988இல் வெளியிட்டார். வரலாறு வேண்டாமென்ற தந்தையின் சொல்லை மகன் மீறினாரா? இல்லை. அக்கடிதங்களில் அவர் தம்மைப் பற்றிச் சொல்வது சிறிதளவே; உண்மையைப் பற்றிச் சொல்வதே பெரும்பகுதி. தந்தையை அறியாது வளர்ந்த ஒருவர், தம் மகனுக்குத் தம் நெஞ்சை முழுமையாக விட்டுச்சென்றார். உறவினர் விட்டுச்செல்லும் செல்வங்களுள் அதனினும் உயர்ந்தது வேறில்லை.